செம்மரத்தில் அலைவரி எப்படி வருகிறது, உங்கள் நிலத்து மரத்தில் வருமா?

கேட்டது இதுதான்: பட்டா நிலத்தில் ஒரு ஏக்கருக்குச் செம்மரம் வைக்க நினைக்கிறீர்கள். நாற்று விற்பவர் "இது அலைவரி ரகம், சாதாரணச் செம்மரத்தைவிடப் பல மடங்கு விலை போகும், ஜப்பானுக்கே போகும்" என்கிறார். அலைவரி என்பது என்ன, எதனால் வருகிறது, நாற்றைப் பார்த்தே சொல்ல முடியுமா?

முதலில் நேரான பதில். அலைவரி, அதாவது அறுத்த பலகையில் குறுக்கே மின்னும் வரி, உண்மைதான், ஜப்பான் கதையும் உண்மைதான். விலை வித்தியாசமும் உண்மை. ஆனால் "அலைவரி ரகம்" என்று உத்தரவாதத்தோடு விற்கக்கூடிய நாற்று இன்றைக்கு யாரிடமும் இல்லை. அந்தப் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஏன் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன் என்பதற்கு மரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

செம்மரத்தின் தாவரப் பெயர் டெரோகார்பஸ் சாண்டலினஸ். நம் வேங்கைக்கு நெருங்கிய சொந்தம். சந்தனத்துக்கு இது உறவே இல்லை, வாசனையும் கிடையாது. உலகத்தில் இது இயற்கையாக வளரும் இடம் மிகச் சிறியது: கிழக்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியில் சேஷாசலம், பாலகொண்டா, லங்கமலை, வெலிகொண்டா, நல்லமலையின் ஒரு பகுதி. பழைய சித்தூர், கடப்பா, நெல்லூர், கர்னூல் மாவட்டங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒட்டிய தமிழகப் பகுதியிலும் கொஞ்சம் உண்டு. கல்லும் பாறையுமான சரிவு, கடும் வெயில், குறைந்த மழை. அங்கே மெதுவாக, மிக மெதுவாக வளர்ந்து, கோடையில் இலை உதிர்த்து நிற்கும். கருத்த பட்டை சதுரம் சதுரமாக வெடித்திருக்கும். பட்டைக்கு அடியில் வெளிறிய வெள்ளைப் பகுதி. அதற்கும் உள்ளேதான் வைரம், அதாவது கெட்டியான சிவப்பு உள்மரம். விலை முழுக்க அந்த வைரத்துக்குத்தான்.

புதிதாக அறுத்த வைரம் ஆரஞ்சு கலந்த சிவப்பாக இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டுப் பட்டு ஆழ்ந்த கருஞ்சிவப்பாகும், பழைய சாமான்களில் கிட்டத்தட்டக் கறுப்பு. நன்கு விளைந்த வைரம் தண்ணீரில் மூழ்கும். சிவப்புக்குக் காரணம் சாண்டலின் என்ற சாயப்பொருள். அது தண்ணீரில் கரையாது, சாராயத்தில் கரையும். சீவலைத் தண்ணீரில் போட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஸ்பிரிட்டில் போட்டால் சில நிமிடத்தில் ரத்தச் சிவப்பு. மரம் அசலா என்று பார்க்க இதை வீட்டிலேயே செய்யலாம். இதில் சிவக்கவில்லை என்றால் செம்மரம் இல்லை என்று தள்ளிவிடலாம். சிவந்தால் மட்டும் முடிவுக்கு வராதீர்கள், இதே குடும்பத்து வேறு சில மரங்களும் சிவப்பு விடும்.

இப்போது அலைவரி. மரம் என்பது மேல்கீழாக நிற்கும் கோடிக்கணக்கான மெல்லிய நார்களின் கட்டு. பெரும்பாலான மரங்களில் நார் ஏறக்குறைய நேராக ஓடும். வேங்கை, செம்மரம், அந்தமான் படாக் போன்ற இந்தக் குடும்பத்து மரங்களில் இன்னொரு பழக்கம் உண்டு: சில ஆண்டுகளுக்கு நார் இடப்பக்கம் சாய்ந்து வளரும், பிறகு சில ஆண்டுகள் வலப்பக்கம். பின்னல் நார் என்று சொல்லலாம். ஆரவாட்டில், அதாவது கட்டையின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிப் போகும் வாக்கில், அறுத்த பலகையில் இது நீள நீளக் கோடுகளாகத் தெரியும். அதுவே அழகுதான், ஆனால் அலைவரி அது இல்லை. அலைவரி மரத்தில் ஒவ்வொரு நாரும் மேலே போகப் போக வளைந்து நெளிந்து ஏறும். ஒரு விரற்கடைக்குள்ளேயே இடம் வலம் என்று திரும்பும். பக்கத்து நார்களும் அதே நெளிவை அப்படியே பின்பற்றும்.

அப்படிப்பட்ட கட்டையை நேராக அறுத்து இழைத்தால் என்ன ஆகும்? வாள் நேராகப் போகிறது, நார் நெளிந்து போகிறது. ஒரு இடத்தில் நாரின் பக்கவாட்டு மேலே தெரியும், அடுத்த இடத்தில் நாரின் வெட்டுவாய் தெரியும். பக்கவாட்டு ஒளியைத் திருப்பி அனுப்பும், அதனால் பளபளப்பு. வெட்டுவாய் ஒளியை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் இருட்டு. வெளிச்சம், இருட்டு, வெளிச்சம் என்று குறுக்கே வரிகள் விழுகின்றன. பலகையைக் கொஞ்சம் சாய்த்தால் இருண்ட வரி பளிச்சிடும், பளிச்சிட்ட வரி இருளும். மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையை விளக்கடியில் திருப்பிப் பார்த்திருந்தால் இது புரியும். வரி சாயமாக இருந்தால் அசையாது. இது ஒளி செய்யும் வேலை என்பதால் அசைகிறது. வார்னிஷ் பூசிய பலகையின் படத்தைக் காட்டி அலைவரி மரம் என்று விற்பவர்களிடம் பலகையைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

எந்தப் பக்கமாக அறுக்கிறோம் என்பதும் முக்கியம். ஆரவாட்டில் அறுத்தால்தான் வரி முழுதாக விழும். மாற்றி அறுத்தால் அதே மரத்தில் பாதி அழகு காணாமல் போகும். பிளந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். நேர்நார்க் கட்டை மட்டமாகப் பிளக்கும். அலைவரிக் கட்டை நாரின் போக்கிலேயே விட்டுக்கொடுத்து, பிளந்த முகம் மேடு பள்ளமாக இருக்கும், கையால் தடவினாலே தெரியும். இழைப்பது மட்டும் படாத பாடு. இழைப்புளி ஒரு மேட்டில் வழுக்கிக்கொண்டு போகும், அடுத்த பள்ளத்தில் நாரைப் பிய்த்துவிடும். கூர் தீட்டிய உளியும் மிக மெல்லிய சீவலும் நிறையப் பொறுமையும் வேண்டும். கடைசியில் சுரண்டித்தான் மட்டப்படுத்துவார்கள்.

சரி, நார் ஏன் நெளிகிறது? இதுதான் உங்கள் கேள்வியின் நடு. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு மிக மெல்லிய வளர்படலம் இருக்கிறது. வருடா வருடம் புது மரத்தை அதுதான் உண்டாக்குகிறது. அதிலுள்ள நீண்ட செல்கள் பிரியும்போது லேசாகச் சாய்ந்த கோணத்தில் பிரிந்து, ஒன்றின் நுனி இன்னொன்றின் பக்கமாக நுழைந்து வளரும். சாய்வு எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தால் நார் சீராக ஒரு பக்கம் சாயும். அலைவரி மரத்திலோ வளர்படலமே பகுதி பகுதியாகப் பிரிந்துகொள்கிறது. ஒரு பகுதியில் செல்கள் இடப்பக்கம் சாயும், அதற்கு மேல் உள்ள பகுதியில் வலப்பக்கம், அதற்கும் மேலே மறுபடி இடம். இந்தப் பகுதிகள் காலப்போக்கில் மெதுவாக இடமும் மாறும். அப்படி வளர்ந்த செல்களின் பதிவுதான் நாம் பலகையில் பார்க்கும் அலை.

அந்தப் பகுதிகளை எது பிரிக்கிறது என்பதில்தான் அறிவியல் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் தண்டில் இறங்கும்போது ஏற்ற இறக்கமாக இறங்குகிறது, அதைச் செல்கள் திசையாக எடுத்துக்கொள்கின்றன என்பது ஒரு கருத்து. பரம்பரை என்பது இன்னொரு பக்கம். மண், பாறைச் சரிவு, வறட்சி ஆகியவற்றின் பங்கு என்பது மூன்றாவது. பரம்பரைக்குப் பலமான உதாரணம் வேறொரு மரத்தில் இருக்கிறது. பின்லாந்திலும் அதை ஒட்டிய ரஷ்யப் பகுதியான கரேலியாவிலும் வளரும் சுருள் பூர்ச்ச மரத்தின் விதையைப் போட்டால் கணிசமான கன்றுகள் தாயைப் போலவே ரேகை விழுந்த மரமாகின்றன. அங்கே திசு வளர்ப்பு நாற்றே உண்டு. ஆனால் அந்த மரத்தின் ரேகை சில ஆண்டுகளிலேயே அடிமரத்தின் புடைப்பில் வெளியே தெரிந்துவிடும், அதனால் தேர்ந்தெடுத்துப் பெருக்க முடிந்தது. செம்மரத்துக்கு அந்த வசதி இல்லை. வைரம் விழவே பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். ஒரு தலைமுறை மரத்தைச் சோதித்து முடிப்பதற்குள் மனிதரில் ஒரு தலைமுறை போய்விடும். காட்டில் ஒரே சரிவில், ஒரே பாறையில், பக்கம் பக்கமாக நிற்கும் இரண்டு மரங்களில் ஒன்று அலைவரியாகவும் இன்னொன்று நேராகவும் இருக்கிறது. மண்தான் காரணம் என்பவர்களால் இதை விளக்க முடியவில்லை. பரம்பரையின் பக்கம்தான் நான் சாய்கிறேன். ஆனாலும் அதை வைத்து நாற்று விற்கும் அளவுக்கு ஆதாரம் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

நிற்கிற மரத்தில் கண்டுபிடிக்க ஒரே வழி பட்டையைச் சிறிது நீக்கி அடியிலுள்ள மரத்தின் போக்கைப் பார்ப்பது. வளர்ந்த மரத்தில்தான் அது தெரியும். நாற்றிலோ இலையிலோ ஒன்றும் தெரியாது. எனவே விற்பவர் எந்த அடையாளத்தைக் காட்டினாலும் நம்ப வேண்டியதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. ஆனைக்குண்டுமணி நாற்றையே சிலர் செம்மரம் என்று விற்கிறார்கள். அதற்கும் சிவப்புச் சந்தனம் என்று ஒரு பெயர் புழங்குவதால் குழப்பம் எளிது. செம்மரத்து இலையில் பெரும்பாலும் மூன்று சிற்றிலைகள், சற்றே வட்டமாக, பெரிதாக இருக்கும். ஆனைக்குண்டுமணி இலை புளி, வாகை போலச் சின்னச் சின்னச் சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். செம்மரத்துக் காய் தட்டையாக, சுற்றிலும் இறக்கை விரித்த வட்டம். மற்றதன் விதை பளபளக்கும் சிவப்பு மணி.

ஜப்பான் ஏன் இதைத் தேடுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த மரத்துக்கு உலகத்திலேயே மிக மரியாதையான இடம் அங்கேதான் கிடைத்தது என்பது என் எண்ணம். ஷாமிசென் என்று மூன்று தந்தி வாத்தியம். கபுகி நாடகத்திலும் புன்ராக்கு பொம்மலாட்டத்திலும் கேட்கலாம். அதன் கழுத்தில் வீணையைப் போல மெட்டுகள் கிடையாது. விரல் தந்தியை நேராக மரத்தின் மீது அழுத்தும். தினமும் மணிக்கணக்கில் வாசித்தால் அழுத்துகிற இடத்தில் மரம் தேய்ந்து குழி விழும், குழி விழுந்தால் நாதம் கெடும். ஆக, கழுத்துக்கு இரும்பு போன்ற மரம் தேவை. பழகுபவர்களின் வாத்தியத்துக்கு காரின் என்ற மரம், அதற்கு மேல் ஷிதான், எல்லாவற்றுக்கும் மேலே கோகி. கோகி என்று அவர்கள் சொல்வது இந்தியாவிலிருந்து போன நம் செம்மரத்தைத்தான். கோகியிலும் குறுக்கே அலை ஓடுகிற கட்டைக்கு தொச்சி என்று தனிப் பெயர், தனி விலை. கழுத்தை மூன்று துண்டாகக் கழற்றி மாட்டும் வகையில் செய்வார்கள். இணைப்பு தெரியாதபடி ஒரு துண்டின் அலை அடுத்த துண்டில் தொடர வேண்டும். அதற்கு நீளமான, ஒரே சீரான, வெடிப்பில்லாத அலைவரிக் கட்டை வேண்டும். நம் காட்டில் அப்படி எத்தனை கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சீனாவின் விருப்பம் வேறு மாதிரி. அங்கே ஸிதான் என்ற பெயரில் (மேலே சொன்ன ஜப்பானிய ஷிதான் வேறு மரம்) இது அரண்மனைக்கு உரிய மரம். பதினெட்டாம் நூற்றாண்டில் சியன்லுங் பேரரசர் காலத்து அரண்மனை இருக்கைகள், பெட்டிகள், திரைகள் பல ஸிதானில் செய்தவை. 2000-ல் வந்த அவர்களுடைய தேசியத் தர நிர்ணயத்தில் ஸிதான் என்ற வகையில் இருக்கும் ஒரே மரம் டெரோகார்பஸ் சாண்டலினஸ்தான். பெய்ஜிங்கில் 1999-ல் திறந்த ஒரு அருங்காட்சியகம் முழுக்க இந்த மரச் சிற்பங்களும் அரண்மனைக் கட்டடங்களின் மாதிரிகளும்தான். சீன ரசிகர்கள் அலைவரியைவிட நிறத்தையும், மாட்டு மயிர் போல நெளியும் மெல்லிய துளைக்கோடுகளையும், துளைக்குள் மின்னும் பொன்புள்ளியையும் பெரிதாகப் பார்க்கிறார்கள். பத்து ஸிதானில் ஒன்பது பொந்து என்று அவர்களிடம் ஒரு பேச்சு வழக்கு உண்டு. வயதான செம்மரத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் கூடாகத்தான் இருக்கும். அகலப் பலகை கிடைக்காததற்கு அதுவும் காரணம். அந்தத் தட்டுப்பாட்டில்தான் மடகாஸ்கரின் ஒரு ஈட்டி மர வகை "பெரிய இலை ஸிதான்" என்ற பெயரில் அங்கே புகுந்தது, ஆப்பிரிக்காவின் முக்குலா மரமும் இதே சந்தைக்காக வெட்டப்பட்டது. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் பட்டியலில் முக்குலாவை 2019-ல் சேர்க்க வேண்டியதாயிற்று.

நம் ஊரில் இதன் இடம் எளிமையானது, ஆனால் எனக்கு அதுதான் பிடிக்கும்: கொலுவில் வைக்கும் மரப்பாச்சி ஜோடி. திருப்பதியில் செதுக்கி விற்றது. குழந்தை வாயில் வைத்தாலும் பயமில்லை என்று கொடுத்தார்கள், கட்டையை உரைத்துப் பூசவும் செய்தார்கள். இப்போது கடையில் கிடைக்கும் மரப்பாச்சியில் பெரும்பகுதி வேறு மரத்துக்குச் சாயம் ஏற்றியது. பாட்டி வீட்டில் பழையது இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அணு உலையில் கதிர்வீச்சைத் தடுக்க ஜப்பான் இதை வாங்குகிறது என்ற கதையை நம்பாதீர்கள். அதற்கு ஈயமும் கான்கிரீட்டும் இருக்கின்றன.

இந்த மரத்தைப் பற்றிப் பேசும்போது விட்டுவிடக் கூடாத ஒன்று உண்டு. கள்ளச் சந்தையில் வெட்டுக்கூலிகளாகப் போனவர்களில் பலர் நம் மக்கள். ஜவ்வாது மலை, அதைச் சுற்றிய திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டக் கிராமங்களில் கோடரி வேலை தெரிந்தவர்களை இடைத்தரகர்கள் அழைத்துப் போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரச் சிறப்புப் படை சுட்டதில் 20 தமிழர்கள் இறந்தார்கள். கட்டை போய்ச் சேரும் இடத்தில் கிடைக்கும் பணத்துக்கும் அவர்களுக்குப் பேசிய கூலிக்கும் ஒப்பே கிடையாது. அலைவரி மரத்தின் பேரழகை நான் மனதார ரசிப்பவன். ஆனாலும் ஒரு கட்டையின் ஊர் பேர் தெரியாமல் அதை வாங்குவதை என்னால் ஏற்க முடியாது. சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் 1995-லிருந்து இந்த மரம் இருக்கிறது, அழியும் நிலையிலுள்ள இனம் என்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வகைப்படுத்தியிருக்கிறது, காட்டு மரத்தை ஏற்றுமதி செய்யத் தடையும் உண்டு. காட்டின் மீதுள்ள அழுத்தம் குறைய வேண்டுமானால் பட்டா நிலத்து மரம் சட்டப்படி சந்தைக்கு வர வேண்டும். எனவே நீங்கள் நட நினைப்பதை முழுமனதோடு வரவேற்கிறேன்.

அப்புறம், நடுவதைப் பற்றி. கணக்கை நேர்நார் மரத்தின் விலையில் போடுங்கள். அதிலும் இன்றைய ஏல விலையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அரசு ஏலத்தில் போவது காட்டில் பல பத்தாண்டுகள் விளைந்த, ஏ, பி, சி என்று தரம் பிரித்த கட்டை. தோட்டத்து மரம் அந்த வைரத்தை எட்ட நாளாகும். தண்ணீரும் உரமும் தாராளமாகக் கொடுத்தால் மரம் சீக்கிரம் தடிக்கும், ஆனால் தடிப்பில் பெரும்பகுதி வெள்ளையாகவே இருக்கும். முதல் இரண்டு மூன்று கோடை தாங்கும் வரை நீர் விட்டு, பிறகு குறைத்துவிடுவது நல்லது. தண்ணீர் தேங்கும் களிமண்ணில் வைக்கவே வேண்டாம். செம்மண், சரளை, மேட்டுநிலம் ஏற்றது. அடிமரம் நேராக ஏறும்படி பக்கக் கிளைகளைச் சிறிதாக இருக்கும்போதே கழித்துவிடுங்கள். பதினைந்து ஆண்டில் கோடி என்று யாராவது எழுதிக் கொடுத்தாலும் அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். இருபத்தைந்து, முப்பது ஆண்டுக் கணக்குப் போட்டு, நடுவே வேறு வருமானம் தரும் பயிரையும் வைத்துக்கொள்ளுங்கள்.

காகித வேலையை மரம் நட்ட அன்றே தொடங்க வேண்டும். நாற்று வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், எத்தனை மரம் என்பதை கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் பதிய வையுங்கள். வெட்டும் காலத்தில் வனத்துறை அனுமதியும், கட்டையை எடுத்துச் செல்லத் தனி அனுமதியும் வேண்டும். மரம் உங்கள் நிலத்தில் வளர்ந்தது என்று காட்ட முடியாவிட்டால் அங்கேயே சிக்கல். ஏற்றுமதிக்கு இவற்றோடு சைட்டிஸ் சான்றும் சேரும். விதிகள் அடிக்கடி மாறுவதால் நடும் முன் ஒரு முறை, வெட்டும் முன் ஒரு முறை மாவட்ட வன அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவேளை உங்கள் மரங்களில் ஒன்று அலைவரியாக வந்தால் அதை மற்றவற்றோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வெட்டிய கட்டையின் வெள்ளையைக் கொஞ்சம் நீக்கிப் பார்த்தால் தெரியும். அந்தக் கட்டையைத் தனியாக வைத்து, இரு முனைகளிலும் மெழுகோ பெயிண்டோ பூசி, வெடிக்காமல் நிழலில் ஆற விடுங்கள். துண்டு போட வேண்டாம், முழு நீளத்துக்குத்தான் மதிப்பு. அறுப்பதாக இருந்தால் ஆரவாட்டில் அறுக்கத் தெரிந்த ஆசாரியிடம் மட்டும் கொடுங்கள். அந்த மரத்தின் விதையையும், முடிந்தால் கிளைத் துண்டுகளையும் வனத்துறை ஆராய்ச்சிப் பிரிவுக்கோ பெங்களூரிலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கோ கொடுங்கள். வெட்டுவதற்கு முன்பே தெரிந்தால் இன்னும் நல்லது, ஒட்டுக்குச்சி எடுக்க உயிருள்ள மரம் வேண்டும்.